எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி: தடை வாசலில் இருக்கிறதா, முதல் வகுப்புக்குள் இருக்கிறதா?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். பல மாதமாக மனதில் புரண்டுகொண்டிருக்கும் கேள்வி இது. 1990இல் தாய்லாந்தின் ஜோம்தியென் நகரில் உலக நாடுகள் கூடி, 2000க்குள் எல்லாருக்கும் அடிப்படைக் கல்வி என்று உறுதி எடுத்தன. முடியவில்லை. 2000இல் செனகலின் டாக்கர் நகரில் கூடி 2015 என்று கெடு வைத்தன. அதுவும் போயிற்று. இப்போது 2030 என்கிறார்கள். யுனெஸ்கோவின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளும் இளையோரும் 25.1 கோடிப் பேர். அதில் ஆரம்பப் பள்ளி வயதினர் மட்டுமே சுமார் 7 கோடி.

பகலில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாலையில் நான் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு காலத்தில் பள்ளிக்குப் போனவர்கள்தான். பெயர் எழுதத் தெரியும். அதற்கு அடுத்த வரி தெரியாது. போனவர்களுக்கே இப்படி என்றால் என்னதான் தடை என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். ஒரு ஏழை நாட்டில் கல்வியமைச்சரிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சரிசெய்யச் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

கணக்கர் எழுதியது:

பணம். வேறு எதைச் சொன்னாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

கட்டணத்தை எடுத்ததும் என்ன நடந்தது என்று பாருங்கள். மலாவி 1994இல் ஆரம்பக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 30 லட்சத்தை நெருங்கியது. உகாண்டா 1997இல் நீக்கியது. 31 லட்சம் 53 லட்சமாயிற்று. கென்யா 2003 ஜனவரியில் நீக்கியது. 59 லட்சம் 72 லட்சமாயிற்று. அடுத்த ஆண்டு அங்கே கிமானி மாருகே என்ற 84 வயது முதியவர் சீருடை போட்டுக்கொண்டு வந்து முதல் வகுப்பில் சேர்ந்தார். ஏழைக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது. கதவு பூட்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் திறந்த கதவுக்குப் பின்னால் வகுப்பறை வேண்டும், ஆசிரியர் வேண்டும். உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 விழுக்காடு, அல்லது அரசுச் செலவில் 15 முதல் 20 விழுக்காடு கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்பது 2015இல் தென் கொரியாவின் இன்சியான் நகரில் கூடி நாடுகள் ஒப்புக்கொண்ட அளவு. இரண்டையுமே எட்டாத நாடுகள் நிறைய. ஒதுக்கிய பணமாவது போய்ச் சேருகிறதா என்றால், அது இன்னொரு கதை. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கு என்று தலைநகரிலிருந்து கிளம்பிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடுதான் பள்ளிகளை அடைந்தது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளிலும் பள்ளிச் சுவரிலும் அரசு போட ஆரம்பித்த பிறகு, 2001 வாக்கில் அது சுமார் 80 விழுக்காடு ஆனது. அனுப்பிய தொகை தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிந்தது. நடுவில் இருந்தவர்களால் முன்போல் எடுக்க முடியவில்லை.

கடைசிபெஞ்ச் எழுதியது:

கணக்கர் அண்ணன் சொல்வது சரி. ஆனால் கட்டணம் இல்லாத பள்ளியில்தான் நான் படித்தேன். நாலாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

நோட்டு, பேனா, சீருடை, தேர்வுக்குத் தாள் வாங்க என்று ஒவ்வொரு மாதமும் ஏதாவது கேட்பார்கள். அதைக்கூட அம்மா எப்படியோ சமாளித்துவிடுவாள். சமாளிக்க முடியாதது என் கைகள். செங்கல் சூளையில் ஆளுக்கு இத்தனை கல் என்று கணக்கு. நான் ஈரக் கல்லைத் திருப்பிப் போட்டால் அம்மாவின் எண்ணிக்கை கூடும். அந்தக் கூலியை எந்தப் பள்ளியும் ஈடுகட்டாது. உலகத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2024ஆம் ஆண்டுக்குச் சொன்ன கணக்கு 13.8 கோடிப் பிள்ளைகள் உழைக்கிறார்கள் என்பது. ஒவ்வொருவர் வீட்டிலும் இதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னை யாரும் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. யாரும் கேட்கவில்லை. எனக்கும் பெரிய வருத்தம் இல்லை. ஏனென்றால் நாலாம் வகுப்பிலும் எனக்கு வாசிக்கத் தெரியாது. கரும்பலகையில் இருப்பதை நோட்டில் எழுதுவேன். எழுத்தாக இல்லை, படம் வரைகிற மாதிரி. வளைவு எந்தப் பக்கம் போகிறது, கோடு எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்து வரைவேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று டீச்சர் எல்லாரிடமும் காட்டியிருக்கிறார். என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

ஒன்றாம்வகுப்பு டீச்சர் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். 31 வருடம் ஆரம்பப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களைப் போன்ற பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள்.

ஒருத்தியை மறக்கவே முடியவில்லை. இரண்டாம் வகுப்பு முடியும் சமயம். ஆய்வுக்கு வந்தவர் புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கணீரென்று சொன்னாள், ஒரு பிழை இல்லை. அவரும் பதிவேட்டில் நல்லபடியாக எழுதிவிட்டுப் போனார். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அவள் விரல் வரிக்கு அடியில் நகரவில்லை, படத்தின் மேலேயே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாளைத் திருப்பினேன். அவள் நிற்கவில்லை. புதிய பக்கத்தைப் பார்த்தபடி பழைய பக்கத்தையே சொல்லிக்கொண்டு போனாள். அந்த இரண்டு வருடமும் அவளுக்கு நான்தான் வகுப்பாசிரியை. தினமும் 'உள்ளேன் டீச்சர்' என்றவள். என் பதிவேட்டில் அவளுக்கு விடுப்பே கிடையாது.

மாலைவகுப்பு கேட்டதற்கு என் பதில் இது. தடை முதல் இரண்டு வகுப்பில் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். எந்த ஏழை நாட்டுப் பள்ளியை எடுத்தாலும் கூட்டம் நெரிவது முதல் வகுப்பில்தான். ஐந்து வயதுப் பிள்ளையும் வரும், தாமதமாகச் சேர்ந்த எட்டு வயதுப் பிள்ளையும் வரும், போன வருடம் தேறாததும் அங்கேயே இருக்கும், அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த மூன்று வயதுத் தம்பியும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். கணக்கர் மலாவியைச் சொன்னார். அந்த வருடம் அங்கே ஏறத்தாழ 20,000 பேரை அவசரமாக ஆசிரியர்களாக எடுத்தார்கள், பெரும்பாலோர் பயிற்சி இல்லாதவர்கள். ஒரே ஆசிரியரிடம் நூறு சின்னஞ்சிறுசுகள், அதற்கு மேலும், என்பது சாதாரணமாகிப் போனது. அவர் எத்தனை நல்ல மனிதராக இருந்தாலும் யார் விரல் எங்கே நிற்கிறது என்று எப்படிப் பார்ப்பார்?

அதோடு, நல்ல ஆசிரியரைத் தலைமையாசிரியர் எங்கே போடுவார்? கடைசி வகுப்பில். பொதுத்தேர்வு அங்கேதான். பள்ளியின் பெயர் அங்கேதான் பேசப்படும். முதல் வகுப்பு யாருக்கு? புதிதாக வந்தவருக்கு, பிரசவ விடுப்புக்குப் பதிலாக வந்தவருக்கு, கடைசியாக யார் மிச்சமோ அவருக்கு. எழுத்துக் கூட்டக் கற்பிப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான வேலை. அதைக் குறைந்த அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்பிலிருந்து பாடத்திட்டம் எல்லாப் பிள்ளைக்கும் வாசிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் தோல்விதான். சூளை அழைக்கும்போது போகாமல் என்ன செய்யும்?

கணக்கர் எழுதியது:

அம்மா, உங்கள் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஆசிரியர் வராத பள்ளியில் முதல் வகுப்பு என்ன, ஐந்தாம் வகுப்பு என்ன? வங்கதேசம், ஈக்வடார், இந்தியா, இந்தோனேசியா, பெரு, உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். சராசரியாக 19 விழுக்காடு ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. பெருவில் 11, உகாண்டாவில் 27. 2006இல் வெளிவந்த முடிவு. ஐந்தில் ஒரு பங்குச் சம்பளம் வெறும் நாற்காலிக்குப் போகிறது.

ஒன்றாம்வகுப்பு டீச்சர் எழுதியது:

கோபமில்லை. உண்மையை மறைத்து என்ன ஆகப்போகிறது? வராதவர்கள் இருந்தார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாற்காலி காலியாக இருக்கும் காரணங்களையும் பாருங்கள். சம்பளம் வாங்க நகரத்துக்குப் போனவர், அரசு வேறு வேலைக்கு அனுப்பியவர், பயிற்சிக்குப் போனவர், உடம்பு முடியாதவர், எல்லாருமே 'இல்லை' கணக்கில்தான் வருவார்கள். ஓராசிரியர் பள்ளியில் அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கே பூட்டு. ஏமாற்றுகிறவரைப் பிடியுங்கள். அது ஒரு நடவடிக்கை. மாற்று ஆசிரியர் ஏற்பாடு செய்வது வேறு நடவடிக்கை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ஒழுங்காக வருகிறவரும் மனம் விட்டுப் போவார்.

வந்து உட்கார்ந்திருப்பவர் கற்பிக்கிறாரா என்பதை மட்டும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நான் வராமல் இருந்ததே இல்லை. இருந்தும் அந்தப் பெண் வாசிக்கக் கற்கவில்லை.

இருகரை எழுதியது:

மொழியை யாரும் தொடவில்லையே. உலகத்தில் 40 விழுக்காடு மக்களுக்குத் தாங்கள் பேசுகிற, புரிந்துகொள்கிற மொழியில் கல்வி கிடைப்பதில்லை என்று யுனெஸ்கோ 2016இல் சொன்னது. டீச்சரம்மா சொன்ன பெண் வீட்டில் என்ன மொழி பேசினாள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தெரியாத மொழியில் வாசிப்பு என்று ஒன்று கிடையாது. ஒப்பிப்பதுதான் முடியும்.

கென்யாவின் ஊர்ப்புறப் பள்ளிகளில் 1990களில் ஒரு சோதனை நடந்தது. புத்தகம் இல்லாததால்தானே பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். முன்பே நன்றாகப் படித்தவர்கள் இன்னும் நன்றாகப் படித்தார்கள். மற்றவர்களிடம் மாற்றம் இல்லை. புத்தகம் ஆங்கிலத்தில். அங்கே பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. வீட்டில் தாய்மொழி, சந்தையில் சுவாஹிலி, புத்தகத்தில் ஆங்கிலம். அச்சடித்துக் கொடுத்த காகிதம் அத்தனையும் ஏற்கெனவே மேலே இருந்த பிள்ளைகளுக்குத்தான் ஏணி ஆயிற்று.

எனக்கே இது நடந்தது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு. முதல் ஆண்டு முழுக்க நான் வாய் திறக்கவில்லை. மந்தம் என்று என் அட்டையில் எழுதினார்கள். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு மூன்றாவது ஆண்டில்தான் தெரிந்தது.

கடைசிபெஞ்ச் எழுதியது:

இருகரை, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். வேலை கிடைக்கிற மொழி எதுவோ அதில்தான் பிள்ளை படிக்க வேண்டும் என்பார்கள். வீட்டு மொழிப் பள்ளி என்றால் நம்மை ஓரம் கட்டுகிறார்கள் என்று சந்தேகப்படுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

இருகரை எழுதியது:

நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. வேலை மொழியைக் கற்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசிப்பது என்றால் என்ன, இந்தக் கோடுகளுக்குள் பேச்சு இருக்கிறது என்பதைத் தெரிந்த மொழியில் ஒருமுறை பிடித்துக்கொண்டால், அடுத்த மொழியைக் கற்கும்போது வாசிப்பதை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அதை ஒருமுறை பிடிக்கத்தான் முதல் இரண்டு மூன்று ஆண்டு. டீச்சரம்மா சொல்கிற அதே முதல் இரண்டு வகுப்பு.

மலைப்பாதை எழுதியது:

எல்லாரும் பள்ளிக்குள் வந்த பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள். வரவே முடியாதவர்களை விட்டுவிடாதீர்கள். இந்தோனேசியா 1973இலிருந்து ஐந்தாறு ஆண்டில் 61,000க்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளைக் கட்டியது, பிள்ளைகள் குறைவாகச் சேர்ந்த மாவட்டங்களுக்கு அதிகமாக. அந்தத் தலைமுறை கூடுதலாகப் படித்தது, பிற்பாடு கூடுதலாகச் சம்பாதித்தது. தூரம் இன்னும் தடைதான். பெண் பிள்ளைக்குத் தூரம் இரட்டிப்பு. பூட்டுப் போட்ட கழிப்பறை இல்லாத பள்ளியில் பருவம் வந்த பெண் மாதத்துக்குச் சில நாள் வருவதில்லை, பிறகு வருவதே இல்லை. வங்கதேசம் 1994இல் ஊர்ப்புறப் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகையை நாடு முழுக்கக் கொண்டுவந்து இதில் நிறைய மாற்றியது. ஆப்கானிஸ்தானில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளியே இல்லை. அங்கே காரணம் வறுமை இல்லை, உத்தரவு.

பிறப்புச் சான்றிதழ் என்ற ஒரு தாள் இருக்கிறது. 2019இல் யுனிசெஃப் சொன்ன கணக்கில் ஐந்து வயதுக்குள் 16.6 கோடிப் பிள்ளைகளின் பிறப்பு பதிவாகவே இல்லை. அந்தத் தாள் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று ஒரு எழுத்தர் சொன்னால், அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை நாட்டின் எல்லாச் சட்டமும் அந்த மேசையோடு முடிந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை, காது கேளாத பிள்ளை பற்றி நான் தனி இழையே தொடங்க வேண்டும்.

மாலைவகுப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மலைப்பாதை, அந்த இழையைக் கட்டாயம் தொடங்குங்கள்.

கொஞ்சம் மனம் கனத்துவிட்டது. உலக வங்கியும் யுனெஸ்கோவும் 2022இல் சேர்ந்து சொன்ன மதிப்பீடு, ஏழை மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் சுமார் 70 விழுக்காட்டினரால் ஒரு எளிய கதையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்பது. பெருந்தொற்றுக்கு முன்பே அது 57 விழுக்காடு. எங்கேயாவது இதை மாற்றிக் காட்டியிருக்கிறார்களா?

கணக்கர் எழுதியது:

இருக்கிறது. டீச்சரம்மாவின் பதிவைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது, என் வாதத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் வைத்தது. பிரேசிலின் வடகிழக்கில் சியாரா என்ற ஏழை மாநிலம். அதில் சொப்ரால் என்ற நகராட்சி. 2000 வாக்கில் தங்கள் பிள்ளைகளுக்கு உண்மையில் வாசிக்கத் தெரிகிறதா என்று ஒவ்வொருவராகச் சோதித்தார்கள். முடிவைப் பார்த்து அதிர்ந்தார்கள். பிறகு செய்தது இதுதான்: ஏழு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் வாசிக்க வேண்டும் என்று ஒரே குறிக்கோள். தலைமையாசிரியர் பதவிக்கு அரசியல் சிபாரிசு ரத்து, தகுதித் தேர்வு மட்டும். நல்ல ஆசிரியர்கள் தொடக்க வகுப்புகளுக்கு. அடிக்கடி வாசிப்புச் சோதனை. 2005இல் நாட்டின் கல்வித் தரக் குறியீட்டில் சொப்ரால் 1,366ஆவது இடம். 2017இல் முதலிடம்.

பணக் கணக்குப் பார்க்கிற என் கண்ணுக்குப் பட்டது இன்னொன்று. 2007இல் சியாரா மாநிலம் சட்டத்தைத் திருத்தி, நகராட்சிகளுக்குப் பிரித்துத் தரும் வரிப் பங்கில் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் கற்றல் முன்னேற்றத்தோடு கட்டியது. மேயருக்கு முதல் வகுப்பு திடீரென்று முக்கியமாகிவிட்டது. பணம்தான் எல்லாம் என்று ஆரம்பித்தேன். பணம் எதைப் பார்த்துப் பாய்கிறது என்பதுதான் விஷயம் என்று இப்போது திருத்திக்கொள்கிறேன்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

நல்ல செய்தி அண்ணா. ஆனால் பிரேசில் மலாவி இல்லை, கையில் காசு இருக்கிற நாடு. தவிர, வீட்டுக்கு வரும் கூலியை இழக்கிற அம்மாவுக்கு அங்கே என்ன கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளை பள்ளிக்கு வந்தால் தாயிடம் உதவித்தொகை என்று மெக்சிகோ 1997இலேயே தொடங்கியது, மேல் வகுப்பில் பெண் பிள்ளைக்குக் கூடுதல் தொகை. பிரேசிலில் 2003இலிருந்து போல்சா ஃபமிலியா என்று அதே மாதிரி ஒரு உதவித்தொகை. அது இல்லாமல் நல்ல டீச்சர் மட்டும் இருந்தால் என்னைப் போன்றவன் வாசிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு சூளைக்குப் போயிருப்பேன்.

வாசிக்கத் தெரிந்து போயிருந்தால் மேஸ்திரி எழுதும் கணக்கையாவது சரிபார்த்திருப்பேன். அம்மாவுக்கு எத்தனை கல் குறைத்து எழுதினார்களோ தெரியாது.

ஒன்றாம்வகுப்பு டீச்சர் எழுதியது:

தம்பி சொன்ன கடைசி வரிக்காகவே முதல் வகுப்பைப் பற்றி நான் பேசிக்கொண்டே இருப்பேன்.

மாலைவகுப்பு, உங்களிடம் வரும் பிள்ளைகள் வயதில் பெரியவர்கள். அவர்களை வயதுப்படி உட்கார வைக்காதீர்கள். எழுத்து தெரியாதவர், எழுத்து தெரிந்தவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என்று நிலைப்படி உட்கார வையுங்கள். இந்தியாவில் பிரதம் அமைப்பு இதே முறையில்தான் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு வாசிப்பைக் கொண்டுவந்தது. ஆப்பிரிக்க நாடுகளும் எடுத்துக்கொண்டன. பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு நிமிடம் தனியாக உட்கார்ந்து, அவர்கள் இதுவரை பார்த்திராத ஒரு நாலு வரியைக் கொடுங்கள். பார்த்திராதது என்பது முக்கியம். விரலைக் கவனியுங்கள்.

மாலைவகுப்பு எழுதியது:

அம்மா, நேற்றும் இன்றும் செய்தேன். மொத்தம் 23 பேர். நாலு வரியையும் வாசித்தவர்கள் 5. சொல் வரை வந்தவர்கள் 7. எழுத்து மட்டும் 8. மூன்று பேருக்கு எழுத்தும் இல்லை. இவர்களையெல்லாம் ஒன்றரை வருடமாக ஒரே பாடத்தில் உட்கார வைத்திருந்தேன்.

எழுத்து தெரியாத மூவரில் ஒருவனுக்கு 13 வயது. தாளை வாங்கியதும் தலைகீழாகப் பிடித்தான். மற்றவர்கள் பார்ப்பதற்குள் நான் திருப்பிக் கொடுத்தேன். அவன் வாசிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, 'இதை நான் வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டான். சரி என்றேன். இவனை எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒன்றாம்வகுப்பு டீச்சர் எழுதியது:

அவன் பெயரிலிருந்து. பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எழுத்து எழுத்தாக வெட்டி, கலைத்துப் போட்டு, அவனையே சேர்க்கச் சொல்லுங்கள். அந்த எழுத்துகளை வைத்து அவன் தினமும் பேசுகிற வேறு என்ன சொல் அமைக்க முடியும் என்று அடுத்த நாள் தேடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மற்றவர்கள் வருவதற்கு முன். 13 வயதுப் பிள்ளைக்குக் கூச்சம் அதிகம். எந்த எழுத்தில் நிற்கிறான் என்று வாரம் ஒருமுறை இங்கே எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.